நெஃபெர்தாரி கல்லறையும் 150 பேரின் மூச்சும்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசியர் பள்ளத்தாக்கு என்ற வறண்ட மலையிடுக்கு இருக்கிறது. அங்கே 66 என்று எண்ணிட்ட கல்லறை ராணி நெஃபெர்தாரியுடையது. 1904இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 1950களில் பொதுமக்களுக்கு மூடினார்கள். 1995இல் திறந்தார்கள். 2003இல் திரும்பவும் மூடினார்கள். 2016இல் திரும்பவும் திறந்தார்கள்.

ஒரே கதவு ஏன் இத்தனை முறை திறந்து மூடியது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. எகிப்தியக் கல்லறைகளைக் காப்பாற்றிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓவியத்தைச் சுத்தம் செய்த கதையைத்தான் சொல்வார்கள். வேலைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அது பெரிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் நெஃபெர்தாரி கல்லறையில் அந்த வேலை ஆறு வருடத்தில் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற கேள்வி மட்டும் அதற்குப் பிறகும் முடியவில்லை. அந்த ஓவியங்கள் இன்னும் நூறு வருடம் இருக்குமா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நல்ல பாறை கிடைக்காத இடம்

நெஃபெர்தாரி இரண்டாம் ராம்செஸின் பட்டத்து ராணி. கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட ராம்செஸ், அபு சிம்பெலில் தன் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு கோயில் குடைவித்தார். ராணியின் கல்லறையைத் திறந்தவர் இத்தாலியின் துரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தின் இயக்குநர் எர்னஸ்டோ ஸ்கியாபரெல்லி. உள்ளே பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. பழங்காலத்திலேயே கொள்ளையடித்திருந்தார்கள். கருங்கல் சவப்பெட்டியின் உடைந்த மூடி, நாரால் பின்னிய ஒரு ஜோடி செருப்பு, மறுமையில் ராணிக்கு ஏவல் செய்வதற்காக வைத்த சின்னச் சின்ன உஷப்தி பொம்மைகள், பதப்படுத்திய உடலின் கால்களிலிருந்து சில துண்டுகள். இவை இன்று துரினில் இருக்கின்றன.

கொள்ளையர் தூக்கிப் போக முடியாமல் விட்டது சுவர். சுமார் 520 சதுர மீட்டர் பரப்புக்கு ஓவியம். மெல்லிய வெள்ளைத் துணி உடுத்தி, தலையில் பிணந்தின்னிக் கழுகின் வடிவில் பொன் அணி சூடி, ராணி தெய்வங்களின் முன் நிற்கிறார். ஓரிடத்தில் உட்கார்ந்து செனெட் என்ற கட்டம் போட்ட பலகை ஆட்டத்தை ஆடுகிறார். எதிரே ஆள் இல்லை. படியிறங்கும் வழியில் மாஅத் தேவதை சிறகை விரித்து நிற்கிறாள். கீழே நான்கு தூண்கள் கொண்ட அடக்க அறை. தலைக்கு மேலே கருநீல வானம், அதில் வரிசை வரிசையாக மஞ்சள் நட்சத்திரங்கள். எகிப்திய ஓவியத்தில் தட்டையான நிறத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. ராணியின் முகத்திலும் கழுத்திலும் சிவப்பைக் கூட்டிக் குறைத்து நிழல் காட்டியிருக்கிறார்கள்.

செய்தவர்கள் தேர் எல்-மெதினா என்ற ஊரில் குடியிருந்த அரசுக் கைவினைஞர்கள். அவர்களுக்கு வாய்த்த பாறைதான் சரியில்லை. விரிசல் விழுந்த, களிமண் அடுக்குகள் ஊடாடிய சுண்ணாம்புக்கல் அது. உளி வைத்தால் நேராகப் பிளக்காது, நுண்ணிய வேலைக்கு நிற்காது. அதனால் பாறையில் நேரடியாகச் செதுக்காமல், களிமண்ணும் ஜிப்சமும் வைக்கோல் துணுக்கும் கலந்த சாந்தைத் தடிமனாகப் பூசி, அந்தச் சாந்திலேயே புடைப்பு உருவங்களைச் செய்து, மேலே வண்ணம் தீட்டினார்கள். சிவப்புக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி, கறுப்புக்குக் கரி. நீலம் மட்டும் மண்ணிலிருந்து எடுத்ததல்ல. மணலையும் செம்புத் தாதையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுட்டுச் செய்த எகிப்திய நீலம். வண்ணத்தைச் சுவரில் பிடிக்க வைத்தது வேல மரத்துப் பிசின். நம் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரம்தான்.

ஆக, மோசமான பாறையை மறைக்க ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். பிரச்சினையும் அங்கேயே தொடங்கியது.

உப்பு

பழைய வீட்டுச் சுவர் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓதம் ஏறிய இடத்தில் வெள்ளையாகப் பொடி கிளம்பும், பெயிண்ட் கொப்புளிக்கும், தட்டினால் காரைக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும். நெஃபெர்தாரி கல்லறையிலும் நடந்தது அதேதான். ஆனால் வீட்டில் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம். இங்கே உதிரும் பொடியோடு 3,200 ஆண்டு வயதுள்ள ஓவியமும் உதிரும்.

அந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. அதனால் பாறைக்குள்ளேயே சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இருக்கிறது. உலர்ந்து கிடக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. தண்ணீர் பட்டால் கரைந்து, ஈரம் போகும் வழியிலேயே தானும் வெளிப்பக்கம் நகரும். ஈரம் காற்றில் ஆவியானதும் திரும்பவும் படிகமாகும். அந்தப் படிகத்துக்கு வளர இடம் வேண்டும். பாறைக்கும் சாந்துக்கும் நடுவில் வளர்ந்தால் சாந்தை முன்னால் தள்ளும். சாந்துக்கும் வண்ணத்துக்கும் நடுவில் வளர்ந்தால் வண்ணத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். இந்தக் கல்லறையில் சில இடங்களில் சாந்துக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலான கனத்துக்கு உப்புப் படிகம் வளர்ந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் ராணியின் உருவம் முழுதாகத் தெரியும். பின்னால் அது எதையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை.

பாலைவனத்துக் குகைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த விடை இதுதான். முதல் தண்ணீரை ஊற்றியவர்கள் அந்தக் கைவினைஞர்களே. சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டும். ஈரச் சாந்தைப் பாறையில் அப்பியபோதே உள்ளிருந்த உப்பு கரைந்து நகரத் தொடங்கிவிட்டது. ஓவியத்தைச் சாத்தியமாக்கிய பொருளே அதன் அழிவையும் தொடங்கி வைத்தது. அப்புறம் எப்போதாவது பெய்யும் பாலைவன மழை. லக்சரில் பல வருடம் துளிகூட விழாது. விழுந்தால் ஒரே நாளில் மலையிடுக்கு முழுவதும் வெள்ளம் பாயும். 1994இல் பக்கத்திலிருக்கும் அரசர் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு மழையில் பல கல்லறைகளுக்குள் தண்ணீர் இறங்கியது. மூன்றாவது, நாம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் வியர்வையாகவும் மூச்சாகவும் ஈரத்தைக் கொண்டு போகிறோம்.

நெஃபெர்தாரி கல்லறையின் சேதம் பெரும்பாலும் பழையது. ஸ்கியாபரெல்லி உள்ளே நுழைந்தபோதே பல இடங்களில் சாந்து விழுந்திருந்தது. அவருடைய குழு எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் துரினில் இருந்தன. பின்னாளில் அந்தப் படங்களை வைத்துத்தான் எது 1904க்கு முன் போனது, எது அதற்குப் பிறகு போனது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பாதுகாப்பு வேலையில் ஒரு பழைய புகைப்படம் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1986 முதல் 1992 வரை

1986இல் எகிப்தியத் தொல்பொருள் அமைப்பும் அமெரிக்காவின் கெட்டி (Getty) என்ற கலைச்சின்னப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. சுவரில் கை வைக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் ரோமைச் சேர்ந்த பாவ்லோ மோரா, லாரா மோரா தம்பதியர். சுவரோவியப் பாதுகாப்பில் உலகம் மதித்த இருவர். குழுவில் இத்தாலியர்களும் எகிப்தியர்களும் இருந்தார்கள்.

அவர்கள் முதலில் சுவரைத் தொடவில்லை. பாறை எது, சாந்து எது, எந்த உப்பு எங்கே படிந்திருக்கிறது, எந்த இடம் சுவரை விட்டு விலகி நிற்கிறது, பழைய ஒட்டுவேலை எங்கெங்கே என்று ஒவ்வொரு சுவருக்கும் வரைபடம் போட்டுக் குறித்தார்கள். அதற்கே நாள் பிடித்தது. அவசரப்படாமல் நோயை முதலில் தெரிந்துகொண்டதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய பலம் என்பேன்.

1987இல் அவசர முதலுதவி. எந்த நேரமும் விழலாம் என்றிருந்த துண்டுகளை ஜப்பானியக் காகிதக் கீற்றுகளை ஒட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். முசுக்கட்டை இனத்து மரப்பட்டை நாரிலிருந்து செய்யும் அந்தக் காகிதம் மெல்லியது, ஆனால் இழுவை தாங்கும். ஓவியத்துக்குச் சேதமில்லாமல் பிறகு எடுத்தும் விடலாம். அந்தச் சமயத்துப் படங்களைப் பார்த்தால் ராணியின் சுவர் முழுவதும் கட்டுப் போட்ட நோயாளியைப் போல இருக்கும்.

1988இலிருந்து 1992 வரை முழுச் சிகிச்சை. தூசியை மென்மையாக ஊதி அகற்றினார்கள். சுவரை விட்டு விலகிய சாந்துக்குப் பின்னால் இருந்த உப்பை எடுத்தார்கள். சில இடங்களில் சாந்துப் பகுதியைக் கவனமாகப் பெயர்த்து, பின்புறத்தைச் சுத்தம் செய்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்கள். வெற்றிடங்களில் ஜிப்சமும் அந்தப் பகுதி மணலும் கலந்த சாந்தைச் செலுத்தி, அது இறுகும்வரை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். சிமென்ட்டைத் தொடவில்லை. பழைய பூச்சோடு ஒத்துப்போகும் பொருள்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். முன்னால் யார் யாரோ செய்த பொருந்தாத பூச்சுகளையும் ஒட்டுகளையும் நீக்கினார்கள்.

அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்காகவே எனக்கு அந்தக் குழு மீது தனி மரியாதை. ஓவியம் போன இடத்தில் புதிதாக எதையும் வரையவில்லை. ராணியின் கையில் ஒரு பகுதி இல்லை என்றால் இல்லைதான். அந்த இடத்தில் அமைதியான நிறத்தில் சாந்து மட்டும் இருக்கும். பார்க்கிறவர் எது பழையது, எது நிரப்பியது என்று ஒரு நொடியில் பிரித்துவிடலாம். 'பளிச்சென்று புதுசாக்கிக் கொடுங்கள்' என்ற ஆசை எந்த நாட்டு அதிகாரிக்கும் வரும், எந்த ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. இன்று அந்தச் சுவரில் தெரியும் நிறமெல்லாம் தேர் எல்-மெதினாக்காரர்களின் நிறம்.

திறக்கலாமா?

1992இல் வேலை முடிந்ததும் கல்லறையை உடனே திறக்கவில்லை. உள்ளே வெப்பநிலை, ஈரப்பதம், கரியமில வாயு எல்லாவற்றையும் அளக்கும் கருவிகளை வைத்துக் கவனித்தார்கள். கெட்டி நிறுவனத்தின் ஷின் மேகவா இந்தக் காற்று ஆய்வை நடத்தினார். அவர் கண்டது ரொம்ப எளிமையானது, ரொம்ப முக்கியமானது.

கல்லறைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 29 டிகிரி. வெளியே குளிர்காலத்தில் காற்று அதைவிடக் குளிர்ந்து கனமாக இருக்கும். அது படிக்கட்டு வழியே தானாகக் கீழே வழிந்து இறங்கும். உள்ளிருக்கும் சூடான, ஈரமான காற்று கூரையை ஒட்டி மேலேறி வெளியே போகும். கல்லறை மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். கோடையில் இது நின்றுவிடும். வெளியே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உள்ளிருக்கும் காற்றுதான் கனமானது. கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீர் போல அது கீழேயே தங்கிவிடும். அன்று உள்ளே போனவர்கள் விட்ட ஈரம் சுலபத்தில் வெளியேறாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சும்மா நிற்கும் ஒரு மனிதர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குக் குறைந்தது 50 கிராம் நீரை வெளியேற்றுகிறார். 15 நிமிடம் நின்றால் 12, 13 கிராம். 150 பேர் வந்தால் கிட்டத்தட்ட 2 லிட்டர். படியேறி இறங்கி வியர்த்தவர்கள் என்றால் இன்னும் கூட. இதே கணக்கில் 1,000 பேரை விட்டால் 12 லிட்டருக்கும் மேல். அதாவது தினமும் ஒரு குடம் தண்ணீரை ராணியின் அறையில் தெளித்துவிட்டு வருவதற்குச் சமம். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அந்தக் கோட்டை எட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கதவில் நிற்கும் காவலரின் உண்மையான வேலை.

1995 நவம்பரில் கல்லறையைத் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேர், சிறு சிறு குழுக்களாக, சில நிமிடங்கள் மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். எகிப்திலேயே விலை கூடிய டிக்கெட்டுகளில் ஒன்றாக அது இருந்தது. எட்டு வருடம்கூட ஆகவில்லை, 2003இல் பொதுமக்களுக்கு மூடினார்கள். அதன் பிறகு சிறப்பு அனுமதி வாங்கிப் பெருந்தொகை கட்டிய சிறு குழுக்கள் மட்டும் போக முடிந்தது.

இந்த ஏற்பாடு என் மனதுக்கு ஒப்பவில்லை. கல்லறைக்கு ஓய்வு தேவை என்றால் எல்லோருக்கும் மூட வேண்டும். பணமுள்ளவரின் மூச்சில் ஈரம் குறைவாக இருப்பதில்லை. ஆள் எண்ணிக்கை குறைந்தது உண்மை, அதில் பயன் இருந்ததும் உண்மை. ஆனால் யார் பார்க்கலாம் என்பதைப் பணம் முடிவு செய்தது.

2016 நவம்பர் முதல் தேதி, ராம்செஸின் தந்தை முதலாம் செத்தியின் கல்லறையோடு சேர்த்து இதையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் 1,000 எகிப்திய பவுண்டு என்று டிக்கெட் வைத்தார்கள். 2011 புரட்சிக்குப் பிறகு சுற்றுலா படுத்துவிட்டிருந்தது, வருமானம் வேண்டும், கூட்டமும் சேரக் கூடாது, எனவே விலையை வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இரண்டே நாளில் எகிப்து தன் நாணயத்தைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டது. சில வாரங்களில் பவுண்டின் டாலர் மதிப்பு ஏறக்குறைய பாதியானது. வெளிநாட்டுப் பயணிக்குக் கல்லறையின் கதவும் பாதி விலையாகிவிட்டது! சுவரின் தாங்கும் சக்தி அந்த வாரத்தில் மாறவில்லை. விலையை மட்டும் நம்பி ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் கல்லறையின் கதி நாணயச் சந்தையின் கையில் போய்விடும். எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே வைக்க வேண்டும்.

முன்பும் வந்தார்கள்

பார்வையாளர் பிரச்சினை இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல. கிரேக்க, ரோமானியக் காலத்திலேயே அரசர் பள்ளத்தாக்கு பெயர் பெற்ற சுற்றுலாத் தலம். அங்கே வந்தவர்கள் சுவரில் கீறிய கிரேக்க, லத்தீன் எழுத்துகள் மட்டும் 2,000க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சுவர்களில் தமிழ் பிராமி எழுத்துகளும் இருப்பதை அண்மையில் அறிஞர்கள் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சிகை கொற்றன் என்பவர் பல கல்லறைகளில் தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார். பெரெனிகே, குசேர் அல்-கதீம் ஆகிய செங்கடல் துறைமுகங்களில் தமிழ்ப் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததை அறிந்தவர்களுக்கு, கடல் கடந்து வணிகத்துக்குப் போனவர்கள் நைல் வரைக்கும் போய் ஊர் சுற்றிப் பார்த்தார்கள் என்பது நம்பக்கூடியதே. அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே நேரம், இன்று ஒருவர் அந்தச் சுவரில் பெயர் கீறினால் அவரைத் தண்டிக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கொற்றனின் கீறல் இப்போது வரலாறு. அதையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

பெரிய சேதம் செய்தவர்கள் ஆர்வலர்களும் அறிஞர்களுமே. முதலாம் செத்தியின் கல்லறையை 1817இல் ஜியோவன்னி பெல்சோனி கண்டுபிடித்தார். நுழைவழியில் ஒரு ஆழமான குழி இருந்தது. வெள்ள நீரைத் தடுத்து நிறுத்தியது அந்தக் குழிதான். பெல்சோனியின் ஆட்கள் போக வர வசதியாக அதை நிரப்பினார்கள். அடுத்து வந்த மழை வெள்ளம் தடையின்றி உள்ளே இறங்கியது. ஈரக் காகிதத்தைச் சுவரில் அழுத்திப் புடைப்புகளைப் பிரதி எடுத்தார்கள், அதோடு வண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியனும் இத்தாலிய அறிஞர் ரொசெல்லினியும் சுவரிலிருந்தே துண்டுகளை அறுத்து எடுத்துப் போனார்கள். ஒன்று பாரிஸில், ஒன்று ஃப்ளாரன்ஸில். எகிப்திய எழுத்தைப் படித்துத் தந்தவர் ஷாம்போலியன். எகிப்தை அவரைவிட நேசித்தவர் அந்தக் காலத்தில் யார்? நேசம் மட்டும் சுவரைக் காப்பாற்றாது என்பதை அந்தக் காலி இடங்கள் காட்டுகின்றன.

துட்டன்காமன்: மூடாமல் செய்த வேலை

நெஃபெர்தாரி கல்லறையில் முதலில் சிகிச்சை, பிறகு திறப்பு. துட்டன்காமன் கல்லறையில் வேலை வேறு மாதிரி நடந்தது. 1922இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த அந்தச் சின்னக் கல்லறைக்குத்தான் உலகமே வந்து நிற்கிறது. அங்கே 2009இல் கெட்டி நிறுவனமும் எகிப்தியத் தொல்பொருள் துறையும் தொடங்கிய திட்டம் 2019 தொடக்கத்தில் நிறைவு பெற்றது. பெரும்பாலான காலம் பயணிகள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே வேலை நடந்தது.

அங்கே எல்லோரையும் பயமுறுத்தியவை அடக்க அறைச் சுவர் முழுவதும் இருக்கும் பழுப்புப் புள்ளிகள். பயணிகளின் மூச்சால் பூஞ்சை வளர்கிறது என்று பலர் நினைத்தார்கள். குழு 1920களில் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களை எடுத்து ஒப்பிட்டது. ஒரு புள்ளியும் கூடவில்லை, பெரிதாகவும் இல்லை. ஆய்வகச் சோதனையில் அந்த நுண்ணுயிர்கள் எப்போதோ செத்துவிட்டவை என்று தெரிந்தது. சாந்து காயுமுன்பே அவசரமாகக் கல்லறையை மூடியதால் அன்று வளர்ந்தவையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கறை வண்ணத்துக்குள்ளேயே இறங்கியிருப்பதால் அதை அகற்றாமல் விட்டுவிட்டார்கள். இங்கேயும் பழைய புகைப்படம்தான் சாட்சி சொன்னது.

உண்மையான தொந்தரவு தூசி. ஆயிரக்கணக்கான காலணிகளிலும் ஆடைகளிலும் ஏறி வந்த பாலைவனத் தூசி சுவரில் சாம்பல் திரையாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கத் துடைக்க வண்ணத்துக்கு ஆபத்து. படப்பிடிப்புக் கருவிகள் இடித்த கீறல்களும் இருந்தன. அதனால் சுவரைச் சீர்செய்ததோடு நிற்காமல், புதிய நடைமேடை, தடுப்பு, விளக்கு, வடிகட்டிய காற்றை உள்ளே அனுப்பும் காற்றோட்ட அமைப்பு எல்லாம் வைத்தார்கள். ஈரமும் கரியமில வாயுவும் தூசியும் தங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நல்ல ஏற்பாடு. ஆனால் இயந்திரம் என்றால் வடிகட்டி மாற்ற வேண்டும், மின்சாரம் தடைபடக் கூடாது, பழுது பார்க்க ஆள் வேண்டும். குளிர்காலத்தில் நெஃபெர்தாரி கல்லறை தானாக விடும் மூச்சுக்கு இந்தச் செலவெல்லாம் கிடையாது.

செலவே இல்லாத ஒரு காரியமும் அரசர் பள்ளத்தாக்கில் நடக்கிறது. வழிகாட்டிகள் கல்லறைக்குள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் வெளியே பலகைகளின் முன் சொல்லிவிட்டு ஆட்களை உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே நிற்கும் நேரம் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் மேலே போட்ட கணக்கில் நிமிடம்தான் முக்கியம்.

பிரதியைப் பார்ப்பது ஏமாற்றா?

மாட்ரிட்டிலிருக்கும் ஃபேக்டம் ஆர்ட்டே நிறுவனம் துட்டன்காமன் அடக்க அறையை லேசர் கருவியால் அளந்து, சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் பழுப்புப் புள்ளிகளோடும் முழுப் பிரதி ஒன்றைச் செய்தது. 2014 ஏப்ரலில் கார்ட்டர் வாழ்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் அதைத் திறந்தார்கள். தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கார்ட்டர் அடக்க அறைக்குள் வழி செய்ய இடித்தபோது தெற்குச் சுவரில் ஐசிஸ் தேவதை இருந்த ஒரு பகுதி பெயர்ந்து போனது. பர்ட்டனின் படத்திலிருந்து அதையும் மீட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள். அசல் கல்லறையில் இன்று பார்க்க முடியாத ஒன்றைப் பிரதி இருக்கும் இடத்தில் பார்க்கலாம்.

பிரதி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போய் நகலைப் பார்ப்பதா என்பார்கள். எனக்கு அந்த உணர்வு புரிகிறது. அந்த இடத்தில், அந்தக் காற்றில் நிற்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. பிரான்ஸில் லாஸ்கோ குகையை 1963இல் மூடி, 1983இல் பிரதியைத் திறந்தார்கள். அசலுக்குள் இன்று பொதுமக்கள் போக முடியாது. எகிப்து அந்த நிலைக்கு வந்துவிடக் கூடாது என்றால் பிரதிகளுக்கு இப்போதே நல்ல இடம் கொடுக்க வேண்டும். இதில் மனதுக்கு நிறைவான இன்னொன்று, ஸ்கேன் செய்யும் வேலையை எகிப்திய இளைஞர்களே கற்றுச் செய்யும்படி லக்சரின் மேற்குக் கரையிலேயே, ஹசன் ஃபதி வடிவமைத்த ஸ்டாப்லேர் வீட்டில், பயிற்சி மையம் அமைத்தது.

மேற்குக் கரை மக்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. குர்னா கிராமத்து வீடுகள் பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே இருந்தன. கழிவுநீர் கல்லறைக்குள் இறங்கும் என்ற காரணம் சொல்லி, 2006இன் இறுதியிலிருந்து அந்த வீடுகளை இடித்து மக்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஈரம் ஆபத்து என்பது சரி. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, அகழாய்வுகளில் மண் சுமந்த குடும்பங்களின் ஈரத்துக்கு அவ்வளவு கடுமை காட்டிவிட்டு, பேருந்து பேருந்தாக வந்திறங்குபவர்களின் ஈரத்துக்கு டிக்கெட் கிழிப்பது நியாயமாகப் படவில்லை.

150 என்ற எண்ணைப் பற்றி

1995இல் வைத்த 150 என்ற எண் ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அது ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணாக இருந்தது. கல்லறை அப்படி இல்லை என்பதை மேகவாவின் அளவீடுகளே காட்டின. ஜனவரியில் காற்று தானாக மாறும்போது 150 பேர் விட்ட ஈரம் வெளியேறிவிடலாம். ஜூலையில் அதே 150 பேரின் ஈரம் அடுத்த நாள் வரும் 150 பேருக்காகக் காத்திருக்கும். கோடையில் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும், அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடிவிட வேண்டும். லக்சருக்குப் பயணிகள் அதிகம் வருவதே குளிர்காலத்தில்தான். வருமான இழப்பும் பெரிதாக இருக்காது.

பள்ளத்தாக்கில் மழை பெய்த நாளுக்குப் பிறகு எத்தனை நாள் மூடுவது என்பதையும் முன்கூட்டியே விதியாக எழுதி வைக்க வேண்டும். மழை பெய்த அன்று, வாசலில் பயணிகள் வரிசையில் நிற்கும்போது எடுக்கும் முடிவு கல்லறைக்குச் சாதகமாக வராது. டிக்கெட்டை நேரம் குறித்து முன்பதிவாகவே கொடுக்கலாம், அதில் ஒரு பங்கை எகிப்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே அளக்கும் ஈரப்பதத்தை வாசலில் ஒரு பலகையில் எல்லோரும் பார்க்கும்படி காட்டலாம். காலையில் கதவு திறந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு, எவ்வளவு ஆனால் கதவு மூடப்படும் என்று மூன்றே எண்கள். வரிசையில் காத்திருப்பவர் தனக்கு முன்னால் போன குழு வெளியே வரும்போது இரண்டாவது எண் மெல்ல ஏறுவதைப் பார்க்கட்டும். காவலர் 'போதும், நாளை வாருங்கள்' என்றால் அவரோடு சண்டை போட மாட்டார்.